மதராஸில் அகப்பட்ட விண்மீன்

திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் 27 நட்சத்திரங்களுக்கும் தனித்தனியாக 27 லிங்கங்கள் உண்டு. வடிவுடையம்மனைப் பார்க்க வருகிறவர்கள் அர்ச்சனை முடிந்த கையோடு தங்கள் நட்சத்திரம் எங்கே என்று தேடிப்போய் ஒரு விளக்கை ஏற்றிவிட்டுத்தான் வெளியே வருவார்கள். வரிசையில் அனுஷமும் கேட்டையும் அடுத்தடுத்து வரும். வானத்திலும் அப்படித்தான். வைகாசி மாதம் இருட்டியபின் எண்ணூர்க் கடற்கரையில் நின்றால், தென்கிழக்கே தண்ணீருக்கு மேல் தேள் ஏறி வருவது தெரியும். முன்னால் வரிசை கட்டி வருகிற மூன்று விண்மீன்கள் அனுஷம். அவற்றுக்கு வலப்பக்கம் கீழே, செக்கச்செவேலென்று எரிவது கேட்டை.

இந்தக் கட்டுரை அந்த இரண்டைப் பற்றியதும் இல்லை, 27-ல் எதைப் பற்றியதும் இல்லை. அனுஷத்தின் வடக்கு ஓரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, வெறுங்கண்ணுக்கு ஒருபோதும் எட்டாத ஒரு புள்ளி இருக்கிறது. அதற்கு எந்த ஊரிலும் லிங்கம் கிடையாது. வானியல்காரர்கள் வைத்த பெயர் யூ ஸ்கார்ப்பி. அதை மனிதக் கண் முதன்முதலில் கண்டுகொண்டது 1863 மே 20-ஆம் தேதி, மதராஸில். கத்திரி வெயில் கொளுத்துகிற நாட்கள் அவை. பகலில் படுத்துகிற அந்த மாதம் இரவில் வானத்தைச் சுத்தமாகத் துடைத்து வைத்துவிடும். அன்றைய இரவு எழுதப்பட்ட ஒரு குறிப்பு எந்தெந்த ஊருக்குப் போய், யார் யார் கைக்கு மாறி, கடைசியில் எப்படித் தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்தது என்பதுதான் இங்கே சொல்ல வந்த கதை.

குறிப்பை எழுதியவர் நார்மன் ராபர்ட் போக்சன். விண்மீன்களின் பிரகாசத்தை அளக்க இன்று உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோல் இவர் வகுத்தது. எண் கூடக்கூட வெளிச்சம் குறையும். ஐந்து எண் வித்தியாசம் என்றால் வெளிச்சத்தில் சரியாக 100 மடங்கு வித்தியாசம். அப்படியானால் ஒரு எண்ணுக்கு 2.512 மடங்கு. 1856-ல் ஆக்ஸ்ஃபோர்டில் உதவியாளராக இருந்தபோது இதை முன்வைத்தார். நல்ல இருட்டில் நம் கண்ணுக்கு ஆறாம் எண் வரைதான் எட்டும். இன்றைய ராயபுரத்து மொட்டை மாடியில் மூன்று தெரிந்தாலே பெரிய விஷயம்.

போக்சனுக்குத் தேளோடு பழக்கம் மதராஸுக்கு வருமுன்பே உண்டு. கேட்டைக்கும் அனுஷத்துக்கும் நடுவில் எம் 80 என்ற கோளக் கொத்து இருக்கிறது. லட்சக்கணக்கான விண்மீன்கள் ஒன்றை ஒன்று ஈர்த்து ஒரே உருண்டையாகத் திரண்டு கிடப்பது. சிறிய தொலைநோக்கியில் பார்த்தால் கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல ஒரு மங்கல், அவ்வளவுதான். 1860 மே 21 அன்று ஜெர்மனிக்காரர் ஆவர்ஸ் அந்த மங்கலின் நடுவே பளிச்சென்று ஒரு விண்மீனைக் கண்டார். ஒரு வாரம் கழித்து, மே 28 அன்று, அந்தச் செய்தி தெரியாமலேயே இங்கிலாந்தில் போக்சனும் அதைப் பார்த்தார். ஏழாம் எண் அளவுக்கு ஒளிர்ந்து, கொத்து முழுவதையும் அமுக்கிவிட்டு, சில வாரங்களில் அது மறைந்துபோனது. கொத்துக்குள் ஒரு நோவாவை, அதாவது திடீரென்று வெடித்துப் பளிச்சிட்டு அடங்கும் விண்மீனை, மனிதர்கள் பார்த்தது அதுவே முதல் தடவை. அதற்கு டி ஸ்கார்ப்பி என்று பெயர் வந்தது. மாறும் விண்மீன்களுக்கு ஒவ்வொரு மண்டலத்திலும் 'ஆர்' எழுத்திலிருந்து தொடங்கி வரிசையாகப் பெயர் வைப்பது அப்போதைய வழக்கம். ஆர், எஸ் இரண்டும் ஏற்கெனவே போய்விட்டிருந்தன. அவையும் அதே கொத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறவை. அடுத்து காலியாக இருந்தது 'யூ'. மூன்று வருடம் கழித்து அதை நிரப்பப் போகிறவர் 1860-லேயே மதராஸ் வேலைக்கு நியமிக்கப்பட்டார்.

1861 தொடக்கத்தில் அவர் வந்து இறங்கினார். துறைமுகம் என்று சொல்லிக்கொள்ள அன்று மதராஸில் ஒன்றும் இல்லை. கப்பல்கள் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அலை உடைகிற இடத்தைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்க்க மசூலா படகுதான் ஒரே வழி. ஆணியே இல்லாமல் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துச் செய்த படகு. அலை அடிக்கும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். அதை ஓட்டிய படகுக்காரர்களில் பலருக்கு ராயபுரம்தான் ஊர். அங்கே அவர்கள் எழுப்பிய புனித பேதுரு ஆலயம் இன்றும் நிற்கிறது. துரைமார்கள் அந்தச் சவாரியைப் பற்றி ஊருக்கு எழுதாத புலம்பல் இல்லை. தலைக்குமேல் அலை வந்து விழ, ஆட்களையும் பெட்டிகளையும் கரைசேர்த்த படகுக்காரர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

போக்சன் பொறுப்பேற்ற மதராஸ் வானாய்வகம் நுங்கம்பாக்கத்தில் இருந்தது. வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1786-ல் எழும்பூரில் தன் வீட்டில் ஆரம்பித்ததை, கம்பெனி எடுத்துக்கொண்டு 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் கட்டியது. அப்போது நிறுத்திய கருங்கல் தூண் இன்றைக்கும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. தமிழ் எழுத்தும் அதில் வெட்டியிருக்கிறது. போக்சன் வந்தபோது அங்கே விண்மீன்களைத் துரத்திப் பார்க்க உதவிய முக்கியக் கருவி, 1850-ல் பாரிஸ் லெரெபூர் - செக்ரெத்தான் கம்பெனியிடம் வாங்கிய ஆறங்குலத் தொலைநோக்கி. அந்தக் கருவியும் பிற்பாடு கொடைக்கானலுக்குப் போய், உருமாறி, சூரியனைப் படமெடுக்கும் வேலையில் சேர்ந்தது. அது தனிக் கதை.

வந்த சில வாரங்களிலேயே, 1861 ஏப்ரல் 17-ல், போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவில் கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயரிட்டார். சிறுகோளைத் தேடுவதும் மாறும் விண்மீனைத் தேடுவதும் ஒரே வேலையின் இரண்டு பக்கம். சூரியனும் கிரகங்களும் போகிற பாதையை ஒட்டித்தான் சிறுகோள்கள் திரியும். அந்தப் பட்டையில் உள்ள விண்மீன்களை எல்லாம் புள்ளி புள்ளியாக வரைபடத்தில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு இரவு இரவாகக் குழாயில் கண்ணை வைத்து, மங்கலான விளக்கில் வரைபடத்தைப் பார்த்து, மறுபடி குழாயில் பார்த்து, ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். விளக்கைக் கொஞ்சம் தூண்டிவிட்டாலும் கண் இருட்டுக்குப் பழகியது கெட்டுவிடும். மறுபடி கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி வானத்தில் இருந்தால், வரைந்தவர் விட்டிருக்கலாம். இல்லையென்றால் அது சிறுகோளாக இருக்கலாம், நாளைக்கு நகர்ந்திருக்கும். நகரவும் இல்லை, வெளிச்சம் மட்டும் மாறுகிறது என்றால் அது மாறும் விண்மீன்.

அதன் பிரகாசத்தை அளக்கக் கருவி எதுவும் இல்லை. பக்கத்தில் வெளிச்சம் மாறாத இரண்டு விண்மீன்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றைவிட இது கொஞ்சம் மங்கல், மற்றதைவிடக் கொஞ்சம் பளிச்சு. நடுவில் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று கண்ணாலேயே மதிப்பிட்டு, பத்தில் ஒரு பங்கு வரை எண்ணாக எழுத வேண்டும். நகைக்கடையில் ஆசாரி உரைகல்லில் தேய்த்துப் பார்த்து மாற்றுச் சொல்வதுபோன்ற வேலை. பழக்கம் வரவேண்டும், கை நடுங்காமல் எழுதவேண்டும், மறுநாள் மனதை மாற்றிக்கொள்ளக் கூடாது. இன்றைக்கும் உலகம் முழுக்க அமெச்சூர் ஆட்கள் இப்படித்தான் பார்க்கிறார்கள்.

1863 மே 20 இரவு அந்தப் புள்ளி ஒன்பதாம் எண்ணில் நின்றது. அடுத்து வந்த இரவுகளில் போக்சன் பார்க்கப் பார்க்கத் தேய்ந்தது. பிறகு குழாயின் எல்லைக்கும் கீழே போய்விட்டது.

இதை வேறு யாரும் பார்க்கவில்லை. பார்த்திருக்கவும் வழியில்லை. இங்கிலாந்துக்கும் மதராஸுக்கும் இடையே அன்று தந்தி கிடையாது. சூயஸ் கால்வாயும் திறக்கவில்லை. கடிதம் மதராஸ் கடற்கரையில் மசூலா படகில் ஏறி, கல்கத்தாவிலிருந்து வரும் தபால் கப்பலுக்குப் போய், இலங்கையின் காலி துறைமுகம் வழியாகச் சூயஸ், அங்கிருந்து ரயிலில் அலெக்ஸாந்திரியா, மறுபடி கப்பல் என்று லண்டன் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். இந்த விண்மீனோ வெடித்து மூன்று நாளுக்குள் பதினாறில் ஒரு பங்காக மங்கிவிடுகிற ரகம்; நமக்குத் தெரிந்த நோவாக்களிலேயே மிக வேகமாக அணைகிறவற்றில் ஒன்று. கடிதம் காலியைத் தாண்டுமுன் பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. வானத்தைப் புகைப்படம் எடுத்து வைக்கிற பழக்கமும் வரவில்லை. ஒரே ஒரு மனிதரின் கண், ஒரே ஒரு ஊரின் வானம், ஏட்டில் சில வரிகள்: இவ்வளவுதான் சாட்சி. பட்டியலில் காலியாக இருந்த 'யூ' நிரம்பியது. அதற்குப்பின் பல பத்தாண்டுகளுக்கு அந்தப் பெயருக்கு எதிரே புதிதாக எழுத எதுவும் இல்லை.

மதராஸ் வானாய்வகத்தில் மாறும் விண்மீன் பிடித்தவர் போக்சன் மட்டும் இல்லை. அவருக்குக் கீழே இருந்த முதல் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீன் மாறுவதைக் கண்டுபிடித்தார். தெற்கே வெகு தாழ்வாக இருப்பது. மதராஸ் அடிவானத்திலிருந்து உச்சத்திலும் 14 டிகிரிக்குமேல் ஏறாது. தொலைநோக்கி காலத்தில் இந்தியர் ஒருவர் பெயரில் பதிவான முதல் மாறும் விண்மீன் என்று அதைச் சொல்வார்கள். 1872-ல் லண்டன் ராயல் வானியல் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, என்ன நடக்கப்போகிறது என்பதைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் சிறு புத்தகமாக எழுதி வெளியிட்டார். அவர் திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டவரும்கூட. பஞ்சாங்கத்தையும் தொலைநோக்கியையும் ஒரே ஆள் கையாண்டது அவருக்கு ஒரு முரணாகவே பட்டதில்லை. கணக்குப் பார்வைக்கு ஒத்துவர வேண்டும் என்பதுதான் அவருடைய கட்சி. 1880-ல் காலமானார். சென்னையில் அவர் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்காமல் இருப்பதே நல்லது.

சர்க்காருக்கு அந்த ஆய்வகத்தால் ஆன பெரிய பிரயோஜனம் விண்மீன் இல்லை, கடிகாரம். விண்மீன் உச்சியைக் கடக்கும் நேரத்தைப் பார்த்துச் சரிசெய்த கடிகாரத்திலிருந்து கோட்டையின் பீரங்கிக்குச் சைகை போகும். கடலில் நிற்கும் கப்பல்கள் அதைக் கேட்டுத் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். 1856-ல் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது. 1870 வாக்கில் நாடு முழுக்க ரயில்கள் மதராஸ் நேரத்தில்தான் ஓடின. ராயபுரம் நிலையத்தில் வண்டி பிடிக்க ஓடியவர்கள் விண்மீனைப் பார்த்து வைத்த நேரத்துக்குத்தான் ஓடினார்கள். ஆய்வகத்துக்கு ஆள் பற்றாக்குறை தீரவே இல்லை. 1873-ல் போக்சன் தன் மகள் ஐசிஸையே உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பெண் கால் நூற்றாண்டு அங்கே கணக்குப் போட்டார்; 1886-ல் அவரை ராயல் வானியல் சங்கத்துக்கு முன்மொழிந்தபோது பெண் என்று மறுத்துவிட்டார்கள். சேர்த்துக்கொண்டது 1920-ல்.

இந்த நெருக்கடியில் போக்சனின் மாறும் விண்மீன் குறிப்புகள் கட்டுக் கட்டாகச் சேர்ந்து கிடந்தன. அச்சுக்குக் கொண்டுபோக நேரம் வாய்க்கவில்லை. 1891 ஜூனில், 30 வருடம் ஒரு முறைகூட இங்கிலாந்துக்குத் திரும்பாமல், மதராஸிலேயே இறந்தார். குறிப்புகள் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் டர்னரின் முன்முயற்சியால், புரூக் என்பவர் ஒழுங்குபடுத்தி, 1908-ல் லண்டனில் அச்சாயின. ஒரு மே மாத இரவில் எழுதியது புத்தகமாக 45 வருடம் பிடித்தது.

அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்பு, யாருக்கும் தெரியாமல், அந்த விண்மீன் மறுபடி வெடித்திருந்தது.

அது ஒரு கண்ணாடித் தகட்டில் பதிவாகியிருந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து வானத்தைப் பகுதி பகுதியாகப் படமெடுத்துத் தகடுகளாக அடுக்கி வைத்துக்கொண்டே வந்தது. பெரு நாட்டிலும் தென்னாப்பிரிக்காவிலும் அதற்குக் கிளைகள் இருந்தன. அரை மில்லியன் தகடுகள். நெகட்டிவ் ஆகையால் வானம் வெளுப்பாகவும் விண்மீன்கள் கறுப்புப் புள்ளிகளாகவும் இருக்கும். அவற்றை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்து வைத்து, உருப்பெருக்கியால் ஒரே இடத்தைத் தகடு தகடாகத் தேடுவது அங்கிருந்த பெண்களின் வேலை. ஹெலன் தாமஸ் அப்படி யூ ஸ்கார்ப்பியின் இடத்தைத் தேடினார். நூற்றுக்கணக்கான தகடுகளில் அங்கே ஒன்றும் இல்லை. 1906 தகட்டில் ஒரு கறுப்புப் புள்ளி. 1936-லும். 1940-ல் அவர் இதை வெளியிட்டபோது, போக்சன் பார்த்து 77 வருடம் ஆகியிருந்தது. பார்த்தது நிஜம் என்பதோடு, ஒருமுறை வெடித்து ஓயாமல் திரும்பத் திரும்ப வெடிக்கிற, மிக அரிதான 'மீள் நோவா' வகை அது என்பதும் தெரிந்தது. நம் பால்வெளி மண்டலத்தில் இந்த வகையில் இதுவரை உறுதியானவை பத்துதான்.

அதன்பின் காத்திருப்பவர்கள் சேர்ந்தார்கள். 1979-ல் ஜப்பானில் பார்த்தார்கள். 1987-ல் தென்னாப்பிரிக்க அமெச்சூர் டேனி ஓவர்பீக். 1999 பிப்ரவரியில் ஜெர்மனியின் பாட்ரிக் ஷ்மேர். எல்லோரும் தங்கள் சொந்த ஆர்வத்தில், சம்பளம் வாங்காமல், தினமும் விடிகாலையோ இரவோ அந்த வெற்று இடத்தைப் பார்த்து "இல்லை" என்று எழுதி வந்தவர்கள். அறிவியலில் "இல்லை" என்று தொடர்ந்து எழுதுவதற்குக் கிடைக்கிற மரியாதை குறைவு. ஆனால் என்றைக்கு வெடித்தது என்பதை அந்த "இல்லை"கள்தான் நாள் கணக்கில் சுருக்கித் தருகின்றன.

1999 வெடிப்பில்தான் விண்மீன் ஊர் திரும்பியது என்று சொல்வேன். மதராஸ் வானாய்வகம் 1899-ல் கொடைக்கானலுக்கு இடம் மாறியது. அதன் வழித்தோன்றல்தான் இன்று பெங்களூரில் தலைமையகம் வைத்திருக்கிற இந்திய வான் இயற்பியல் நிறுவனம். அந்த நிறுவனத்தின் ஜி. சி. அனுபமா, ஜவ்வாது மலையில் காவலூரிலிருக்கும் தொலைநோக்கியைக் கொண்டு யூ ஸ்கார்ப்பியின் நிறமாலையைப் பிரித்துப் பார்த்தார். போக்சனுக்கு ஒரு புள்ளியாகத் தெரிந்ததை, 136 வருடம் கழித்து அதே நிறுவனத்தின் ஆட்கள் என்ன வாயு, எவ்வளவு வேகம் என்று படித்தார்கள். வாயு விநாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் சிதறுகிறது.

அங்கே நடப்பது இது. இரண்டு விண்மீன்கள் 1.23 நாளுக்கு ஒருமுறை ஒன்றை ஒன்று சுற்றி வருகின்றன. ஒன்று எரிந்து தீர்ந்து, பூமி அளவுக்குச் சுருங்கிய வெள்ளைக் குள்ளன். மற்றது அதற்குத் தன் ஹைட்ரஜனைச் சிந்திக்கொண்டே இருக்கிறது. குள்ளன் மேல் அது படிந்து, அழுத்தமும் சூடும் ஏறி, ஒருநாள் மொத்தமாகப் பற்றிக்கொள்ளும். சாதாரணமாக 18-ஆம் எண்ணில் கிடப்பது ஏழரை வரை ஏறும். 16,000 மடங்கு வெளிச்சம். பெரும்பாலான நோவாக்கள் மறுபடி பற்றிக்கொள்ள ஆயிரக்கணக்கான வருடம் எடுக்கும். இது பத்துப் பன்னிரண்டு வருடத்தில் தயாராகிவிடுவதற்குக் காரணம் குள்ளனின் எடை. எடை கூடினால் ஈர்ப்பு கூடும். கொஞ்சம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே போதும். இதன் எடை சூரியனைப்போல் 1.37 மடங்கு என்பது ஒரு மதிப்பீடு. வெள்ளைக் குள்ளன் ஒன்று தாங்கக்கூடிய உச்ச எடை சுமார் 1.4 மடங்கு. அந்த எல்லையைக் கணக்குப் போட்டவர் மதராஸ் பிரசிடென்சி கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு, 1930-ல் பம்பாயில் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த 19 வயதுப் பையன் சுப்பிரமணியன் சந்திரசேகர். கப்பலிலேயே போட்ட கணக்கு. நுங்கம்பாக்கத்தில் ஒருவர் கண்ட விண்மீன், மெரினாவை ஒட்டிய கல்லூரியில் படித்தவர் இட்ட எல்லைக்கோட்டின் விளிம்பில் நின்றுகொண்டிருக்கிறது. இப்படி ஒரு கதையை நாவலில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அமெரிக்காவின் பிராட்லி ஷேஃபர் பழைய பதிவுகளைக் கிண்டி 1917, 1945, 1969 வெடிப்புகளையும் மீட்டெடுத்தார். இடைவெளிகளைக் கணக்குப் போட்டு, அடுத்தது 2009-ஐ ஒட்டி, ஒரு வருடம் முன்பின்னாக, வரும் என்று முன்கூட்டியே அறிவித்தார். 2010 ஜனவரி 28 விடிகாலை, ஃபுளோரிடாவில் பார்பரா ஹாரிஸும் ஷான் டிவோரக்கும் தனித்தனியாக அதைப் பிடித்தார்கள். சில மணி நேரத்தில் விண்வெளித் தொலைநோக்கிகள் உட்பட உலகத்தின் கருவிகள் அந்தப் பக்கம் திரும்பின. 2022 ஜூன் 6-ல் அடுத்த வெடிப்பு. பார்த்தவர் ஜப்பானின் மசயுகி மோரியாமா. செய்தி பரவ ஆன நேரம் நிமிடக் கணக்கு.

ஒரு ஓட்டை மட்டும் அடைபடவில்லை. கார்த்திகை மாதம் சூரியன் விருச்சிகத்தில் இருக்கும். அந்த மாதத்திலும் அதன் முன்பின்னும் யூ ஸ்கார்ப்பி பகல் வெளிச்சத்துக்குள் மறைந்துவிடும். அந்தச் சமயத்தில் வெடித்து அணைந்தால் யாருக்கும் தெரியாது. விட்டுப்போன வெடிப்புகள் உண்டென்று சந்தேகப்படுவதற்கு இதுவே காரணம்.

அடுத்த வெடிப்பு 2030-களின் தொடக்கத்தில் வரலாம். வட சென்னையிலிருந்து பார்க்க முடியுமா? முடியும். கஷ்டம் இருக்கிறது. மணலி சுத்திகரிப்பு ஆலையின் சுடர், அனல்மின் நிலையத்து விளக்குகள், எண்ணூர் விரைவுச் சாலையில் மைல் கணக்கில் நிற்கும் கன்டெய்னர் லாரிகள், கடலிலேயே வரிசை கட்டி நிற்கும் கப்பல்களின் வெளிச்சம்: எல்லாம் சேர்ந்து வானத்தை மஞ்சளாக்கி வைத்திருக்கின்றன. ஜி.பி.எஸ். வருமுன் ஆறாமீன் என்கிற கார்த்திகைக் கூட்டத்தையும் விடிவெள்ளியையும் வைத்து நேரமும் திசையும் பார்த்த மீனவர்கள் காசிமேட்டில் இன்னும் இருக்கிறார்கள். கரையிலிருந்து இப்போது அதெல்லாம் தெரிவதில்லை, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உள்ளே போனால்தான் பழைய வானம் கிடைக்கும் என்பார்கள். ஆனாலும் ஏழரை, எட்டு எண் என்பது ஒரு சாதாரண 10×50 பைனாகுலருக்கு அகப்படுகிற அளவு. ஊருக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நின்றால், வட சென்னையிலும் கிழக்குப் பக்கம் கொஞ்சம் இருட்டு மிச்சமிருக்கிறது.

பழக விரும்புகிறவர்கள் அனுஷத்திலேயே ஆரம்பிக்கலாம். மூன்றில் நடுவில் இருக்கிற விண்மீன் நூற்றாண்டுகளாக ஒரே வெளிச்சத்தில் இருந்ததாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். 2000 ஜூனில் அர்ஜென்டினாவின் செபாஸ்டியன் ஒட்டேரோ வெறுங்கண்ணாலேயே அது கூடியிருப்பதைக் கவனித்தார். அன்றிலிருந்து கூடியும் குறைந்தும் விளையாடுகிறது. கேட்டையும் அப்படித்தான், மெதுவாக மாறுவது. நம் ஜாதக நட்சத்திரங்கள்கூட நின்ற இடத்தில் நிற்கின்றனவே தவிர ஒரே மாதிரி எரிவதில்லை.

யூ ஸ்கார்ப்பிக்கு வழி இது. வைகாசியில் இரவு எட்டரை, ஒன்பது மணிக்கு, அனுஷ வரிசையில் இடக்கோடியில், அதாவது வடக்கே இருக்கிற விண்மீனைப் பிடிக்கவும். கையை நீட்டி நடுவில் உள்ள மூன்று விரல்களைச் சேர்த்து வைத்தால் வருகிற அகலம் கிட்டத்தட்ட ஐந்து டிகிரி. அந்த அளவுக்குச் சற்றுக் குறைவாக அதற்குக் கீழே, கொஞ்சம் இடப்பக்கமாக நகரவும். அங்கே ஒன்றும் இருக்காது. தேதி, நேரம், பக்கத்தில் தெரிகிற மிக மங்கலான விண்மீனின் எண், அதற்கு எதிரே "இல்லை" என்று எழுதி, மாறும் விண்மீன் பார்க்கிறவர்களின் அமெரிக்கச் சங்கத்துக்கு அனுப்பலாம். அங்கே எந்த நாட்டுக்காரர் அனுப்பினாலும் வாங்கிக்கொள்கிறார்கள்.